தொண்டுக்கு எல்லை வகுக்காத தக்கர் பாபா

மேற்கு மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்காக நெடுஞ்சுவர் போல் நிற்கின்றது. அந்தச் சுவரில் அகலத் திறந்திருக்கும் வாயிலே பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே காற்று வருகின்றது; புகைவண்டி செல்கின்றது; பிழைப்பைத் தேடி மனிதனும் காலங்காலமாக நடந்திருக்கின்றான். ஆயினும் வாயிலின் இரு மருங்கிலும் உயர்ந்த மலைகளில் வாழும் மக்களுக்கு அதனால் விளைந்த நன்மை சிறிதே. வடக்கே அட்டப்பாடியில் இருளரும் முடுகரும் குறும்பரும் வாழ்கின்றனர். தெற்கே இடுக்கி மலைகளில் முதுவரும் பிற பழங்குடியினரும் வாழ்கின்றனர். அவர்கட்கு அருகே, தேயிலைத் தோட்டத்து லயங்களில், திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் தலைமுறைகட்கு முன்னர் மலையேறிய தமிழ்த் தொழிலாளர் வாழ்கின்றனர். அத்தகைய லயம் ஒன்றில் பிறந்தவன் நான்.

நம் மன்றத்தின் மலருக்குச் சான்றோர் ஒருவர் வரலாற்றை எழுதித் தருமாறு நண்பர்கள் பணித்தபோது என் நெஞ்சில் முதலில் தோன்றியவர் தக்கர் பாபா. சென்னை தியாகராய நகரில் அவர் பெயரால் ஒரு வித்யாலயம் இருக்கின்றது. அதற்குக் காந்தியடிகள் 1946இல் அடிக்கல் நாட்டினார். அதன் வாயிலைக் கடந்து செல்வோர் பல்லாயிரவர். பெயருக்கு உரியவர் யார் என்று கேட்போர் சிலரே. அவர் கவிஞர் அல்லர். மேடை அதிரப் பேசியவரும் அல்லர். நம்மைப் போல் கணக்கும் அறிவியலும் பயின்ற ஒரு பொறியாளர். ஒதுங்கிக் கிடந்த மக்களைத் தேடிச் செல்வதையும், தொண்டு நிறுவனங்களை ஒன்றோடொன்று இணைப்பதையும் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்.

பிறப்பும் கல்வியும்

அமிர்தலால் விட்டல்தாஸ் தக்கர் 1869ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் கத்தியவாரில் உள்ள பவநகரில் பிறந்தார். அதே ஆண்டில், அதே கத்தியவாரில் பிறந்த காந்தியடிகளுக்கு அவர் 58 நாள் இளையவர். செல்வக் குடும்பம் அன்று; எனினும் தந்தையார் விட்டல்தாஸ் தம் சமூகத்து ஏழைகளுக்கு உதவுவதில் ஆர்வம் மிக்கவர். மகன் புனே பொறியியல் கல்லூரியில் பயின்று 1890இல் தேர்ச்சி பெற்றார். பின்னர்க் கத்தியவாரின் சிற்றரசுகளில் பாதையும் பாலமும் இருப்புப்பாதையும் அமைக்கும் பணிகளை ஏற்றார்.

1899இல் அவர் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை உகாண்டா இருப்புப்பாதை போடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவ்வேலைக்கென இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர் சுமார் 32,000 பேர். காய்ச்சலாலும் விபத்தாலும் மாண்டவர் ஏறக்குறைய 2,500 பேர். அந்தப் பாதையில் தக்கர் மூன்றாண்டு பணி புரிந்தார். பிறந்த மண்ணைவிட்டுக் கூலிக்குச் சென்றவன் படும் துயரத்தை அவர் அங்கே தம் கண்ணால் கண்டிருக்க வேண்டும். மலைத்தோட்டத்துக்கு ஆள் கட்டிய கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அவர் வாழ்வின் இந்தப் பகுதி அயலாகத் தோன்றவில்லை.

குப்பை வண்டி காட்டிய வழி

தாயகம் திரும்பிய தக்கர் சாங்லி அரசில் பணியாற்றிவிட்டுப் பம்பாய் நகராட்சியில் சேர்ந்தார். நகரத்துக் குப்பையைச் சுமந்து செல்லும் இருப்புப்பாதை குர்லாவில் இருந்தது. அதனை மேற்பார்ப்பது அவர் கடமை. வண்டி ஓடுகின்றதா, தண்டவாளம் செவ்வையாக உள்ளதா என்று பார்ப்பதோடு அவர் வேலை முடிந்திருக்கலாம். ஆனால் அவர் வண்டியில் குப்பையை ஏற்றும் மனிதரையும் பார்த்தார். அவர்கள் வாழ்ந்த இடத்துக்குச் சென்றார். குப்பைமேட்டுக்கு அருகே குடிசை. வட்டிக்காரனிடம் பட்ட கடன். கடனை மறக்கக் குடி. குடியால் மேலும் கடன். இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடனிலிருந்து மீட்கும் வேலையில் இறங்கினார்.

தாழ்த்தப்பட்டோர்க்கெனப் பள்ளிகள் நடத்திவந்த வித்தல் ராம்ஜி ஷிண்டேயின் நட்பும், கோகலே 1905இல் தோற்றுவித்த இந்திய ஊழியர் சங்கத்தின் தொடர்பும் அவர்க்கு அக்காலத்தில் கிடைத்தன. மாலை நேரத் தொண்டு போதாது என்று தெளிந்த தக்கர், 1914 பிப்ரவரியில் பதவியைத் துறந்து அச்சங்கத்தில் சேர்ந்தார். அப்போது அவர்க்கு வயது 44. ஓய்வூதியத்தை எண்ணிப் பார்க்கும் பருவத்தில் அவர் புதிய வாழ்வைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கோகலே மறைந்தார். சங்கத்தின் தலைமை வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரிடம் வந்தது. ஆகவே நம் தமிழர் ஒருவர் தலைமையிலும் பணியாற்றியவர் தக்கர்.

பஞ்சமும் பில் மக்களும்

அதன்பின் நாட்டில் எங்கே பஞ்சம், எங்கே வெள்ளம் என்றாலும் தக்கரை அங்கே காணலாம் என்ற நிலை உண்டாயிற்று. குஜராத், கட்ச், ஒரிசா என அவர் பயணம் நீண்டது. அவர் வேலை செய்யும் முறை பொறியாளரின் முறை. முதலில் இடத்தைப் பார்ப்பார், வீடு வீடாகக் கணக்கு எடுப்பார், குறிப்பு எழுதுவார். பிறகு எந்தச் சங்கத்திடம் தானியம் உண்டு, எந்தச் சங்கத்திடம் ஆள் உண்டு, எந்தச் செல்வரிடம் பணம் உண்டு என்று பார்த்து மூன்றையும் இணைப்பார். செலவுக் கணக்கில் காலணாவும் தவறாது. அதே சங்கத்தைச் சேர்ந்த தேவதர், 1921ஆம் ஆண்டுக் கலவரத்தால் மலபார் நிலைகுலைந்தபோது அங்கே நிவாரணப் பணியைத் தலைமையேற்று நடத்தினார். பாலக்காடும் அந்த மலபார் மாவட்டத்தைச் சேர்ந்ததே.

1921–22இல் குஜராத்தின் பஞ்சமகால் பகுதியில் பஞ்சம் வந்தது. அங்கே மலையிலும் காட்டிலும் வாழ்ந்த பில் மக்களைத் தக்கர் நெருங்கிப் பார்த்தார். பஞ்சம் முடிந்தது, கஞ்சித் தொட்டிகள் மூடப்பட்டன, தொண்டர்கள் ஊர் திரும்பினர். தக்கர் திரும்பவில்லை. மழை பெய்தால் பசி தீரும். ஆனால் வட்டிக்காரனும், எழுத்தறியாமையும், அதிகாரி மீது அச்சமும் அடுத்த பஞ்சம் வரை அங்கேயே இருக்கும் என்று அவர் கண்டார். 1922இல் தாகோது நகரைத் தலையிடமாகக் கொண்டு பில் சேவா மண்டலத்தை நிறுவினார். பள்ளிகள், ஆசிரமங்கள், மருந்தகம், கூட்டுறவுச் சங்கம், கிணறு என்று வேலை விரிந்தது. அதில் சேரும் தொண்டர் இருபது ஆண்டு பணி புரிவதாக உறுதி கூற வேண்டும். ஒரு நாள் சென்று துணி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் நம் காலத்து மாணவர், இந்த இருபது ஆண்டை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். குஜராத்தியில் தந்தை என்று பொருள்படும் பாபா என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அம்மக்களிடையே அவர் ஆற்றிய தொண்டினால்தான்.

சங்கங்களின் சங்கம்

1932 செப்டம்பரில் புனே ஒப்பந்தம் ஏற்பட்டது. தீண்டாமையை ஒழிப்பதற்கென அகில இந்திய அமைப்பு ஒன்று அதே மாத இறுதியில் பம்பாயில் பிறந்தது. அதுவே பின்னர் ஹரிஜன சேவக சங்கம் எனப் பெயர் பெற்றது. பிர்லா தலைவர், தக்கர் செயலாளர். மாகாணந்தோறும் கிளைகளை அமைப்பதும், ஏற்கெனவே ஆங்காங்கே தனித்தனியே உழைத்து வந்த ஆசிரமங்களையும் பள்ளிகளையும் ஒரே வலையில் சேர்ப்பதும் அவர் பொறுப்பாயின.

அப்படித் தனித்து உழைத்தவர்களுள் ஒருவர் பாலக்காட்டுத் தமிழர் டி. ஆர். கிருஷ்ணசுவாமி அய்யர். 1923இல் ஒலவக்கோட்டுக்கு அருகே அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை அவர் நிறுவினார். எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒன்றாக உண்டு ஒன்றாகப் படிக்கும் இடம் அது. சமபந்தி உணவில் கலந்துகொண்டதற்காக அவரை அக்கிரகாரம் ஒதுக்கி வைத்தது. துணைவியார் ஈசுவரி அம்மாள் அவரோடு நின்றார். 1925, 1927, 1934 ஆகிய ஆண்டுகளில் காந்தியடிகள் அங்கே வந்தார். 1934ஆம் ஆண்டு வருகை, தக்கர் பாபா பொறுப்பேற்று வகுத்த நாடு தழுவிய பயணத்தின் ஒரு பகுதி. 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கிய அப்பயணம் ஒன்பது திங்களில் சுமார் 12,500 மைல் தொலைவைக் கடந்தது. எட்டு லட்ச ரூபாய் நிதி திரண்டது. 1934 ஜனவரி 10ஆம் நாள் அடிகள் பாலக்காட்டின் வழியே மலபாரில் அடி வைத்தார்.

இங்கே ஓர் உண்மையை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. சங்கம் தோன்றிய சில வாரங்களில், 1932 நவம்பரில், இலண்டனுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்த டாக்டர் அம்பேத்கர் தக்கர் பாபாவுக்கு நீண்ட கடிதம் எழுதினார். கிணறு, பள்ளி, பொதுவழி ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டுவதே முதல் வேலை என்றும், தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்தே தொண்டர்களை எடுக்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். அக்கடிதத்துக்கு விடையே வரவில்லை என்று பின்னாளில் அவர் தம் நூலில் பதிவு செய்தார். தீண்டாமை சாதி இந்துக்களின் பாவம்; அதற்குக் கழுவாய் தேடும் சங்கத்தை அவர்களே நடத்த வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. யாருக்காகச் சங்கமோ அவர்கள் சங்கத்தின் கையில் இல்லாமல், சங்கம் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அம்பேத்கரின் கருத்து. சங்கத்தின் பெயரில் உள்ள ஹரிஜன் என்னும் சொல்லையே அம்மக்கள் இன்று ஏற்பதில்லை. தக்கரின் உழைப்பை எவரும் ஐயுற்றதில்லை. ஆயினும் அவர் கட்டிய வீட்டில் இந்த ஒரு சுவர் குறைவாகவே இருந்தது.

ஒதுக்கி வைப்பதா, அழைத்து வருவதா?

1930க்குப் பிந்திய ஆண்டுகளில் தக்கரின் கருத்து மேலும் மேலும் பழங்குடி மக்கள்பால் சென்றது. வெரியர் எல்வின் என்ற ஆங்கில அறிஞர் நடு இந்தியாவின் பைகா மக்களிடையே வாழ்ந்து 1939இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். வெளியார் புகுந்து அம்மக்களின் நிலத்தையும் மகிழ்ச்சியையும் பறிக்கின்றனர். ஆதலின் அவர்களுக்கெனத் தனிக் காப்பிடம் வேண்டும் என்பது அவர் அக்காலத்தில் கொண்ட கொள்கை. தக்கர் இதனை மறுத்தார். 1941இல் புனேயில் நிகழ்த்திய சொற்பொழிவில், வறுமை, எழுத்தறியாமை, நோய், போக்குவரவின்மை என்று பழங்குடியினரின் இன்னல்களைப் பொறியாளர்க்குரிய ஒழுங்கோடு அடுக்கிக் காட்டி, ஒதுக்கி வைப்பது இவற்றுள் எதனையும் தீர்க்காது என்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. சாலை வந்தால் மருத்துவரும் வருவார். சாராய வியாபாரியும் வருவான். யார் முதலில் வருகின்றார் என்பதுதான் கேள்வி. தொண்டர் முதலில் செல்ல வேண்டும் என்பதே தக்கரின் வாழ்க்கை தரும் விடை.

1944 பிப்ரவரியில் கஸ்தூரிபா அம்மையார் சிறையில் உயிர் நீத்தார். அவர் நினைவாக 75 லட்ச ரூபாய் திரட்ட எண்ணினர். அதற்கு மேலும் திரண்டது. சிற்றூர்ப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயன்படும் அந்த அறநிலையத்தின் செயலாளர் பொறுப்பும் தக்கர் தோள்மேல் ஏறியது. அந்நிறுவனத்தின் தென்னாட்டுப் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். அவரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அம்மையார் தமிழர், கணவர் நெய்யாற்றின்கரை மலையாளி. எல்லைகளைக் கடந்த இணைப்புக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நாடெங்கும் மதவெறித் தீ பரவிய 1946இல் காந்தியடிகள் நவகாளிக்குச் சென்றபோது, 77 வயதை எட்டவிருந்த தக்கரும் உடன் சென்றார். ஆறுகளுக்கிடையே ஒதுங்கிக் கிடந்த ஹைம்சார் என்ற பகுதியைத் தம் இடமாகத் தேர்ந்தார். அங்கே அடிபட்டவருள் பெரும்பாலோர் நாமசூத்திரர் என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள்.

அரசியல் நிர்ணய சபை, அசாம் நீங்கலாக ஏனைய பகுதிகளின் பழங்குடி நிலங்களை ஆராய அமைத்த துணைக்குழுவுக்குத் தக்கரே தலைவர். 1947இல் முதுமையைப் பொருட்படுத்தாது அவர் செய்த அந்த வேலை, அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. 1948 அக்டோபரில், பழங்குடியினர்க்காக நாட்டில் உழைத்த பல சங்கங்களையும் ஒன்றிணைக்கப் பாரதீய ஆதிம ஜாதி சேவக சங்கம் தோன்றியது. இராஜேந்திர பிரசாத் தலைவர். அதன் உயிர் தக்கர். 1951 ஜனவரியில் தாம் பிறந்த பவநகரிலேயே அப்பெரியவர் மறைந்தார்.

நம் மலைகள்

நண்பர்களே, இனி நம் எல்லைக்குத் திரும்புவோம். தக்கர் முதலியோர் உழைப்பால் பிறந்த ஐந்தாம் அட்டவணையின்படி கேரளத்திலோ தமிழகத்திலோ எந்த மலையும் இதுவரை அறிவிக்கப்படவில்லை. அட்டப்பாடியில் 2013இல் சிசுக்கள் அடுத்தடுத்து மடிந்த செய்தி நாட்டை உலுக்கியது. அதன் பின்னரே குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் வழியே ஊர்தோறும் பொதுச் சமையலறைகள் எழுந்தன. அங்கே உலை வைத்தவர் அவ்வூர்ப் பெண்களே. இடுக்கியின் இடமலக்குடியில் முதுவ மக்கள் தங்களுக்கெனத் தனி ஊராட்சியை 2010இல்தான் பெற்றனர். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களில் உறங்கிய தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார் 70 பேர் மாண்டனர். மின்சாரமும் தொடர்பும் அற்ற அந்த இரவில் நேர்ந்தது மறுநாள் காலைதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஒதுங்கி வாழ்தல் என்பதன் பொருள் இதுதான்: நம் மீது மலை விழுந்தாலும் அதைச் சொல்ல ஓர் இரவு ஆகும்.

ஒதுக்கத்துக்குக் காகித வடிவமும் உண்டு. பட்டியல் இனத்தார், பழங்குடியினர் பற்றிய 1950ஆம் ஆண்டு ஆணைகள் மாநிலம் மாநிலமாக வகுக்கப்பட்டவை. அவ்வாண்டுக்குப் பின் எல்லை கடந்தவன் வந்த மாநிலத்தில் அவ்வுரிமையைக் கோர இயலாது. முன்னரே வந்தவன் அதனை ஆவணத்தால் மெய்ப்பிக்க வேண்டும். லயத்து வீடு தோட்டத்துக்கு உரியது; அதில் வாழ்பவனிடம் பட்டா ஏது? நான் கல்லூரியில் சேரச் சான்றிதழ் தேவைப்பட்டபோது, என் அப்பா கூலியை இழந்து ஓர் அலுவலகத்துக்குப் பலமுறை மலையிறங்கினார். ஒவ்வொரு முறையும் வேறொரு தாள் கேட்டார்கள்.

இறுதியில் எங்களைக் காத்தவை மூன்று. தொழிற்சங்கத்துப் பழைய அலமாரியில் கிடந்த சந்தாப் புத்தகம் ஒன்று. என் பூட்டனார் 1948இல் இரண்டு ரூபாய் கொடுத்ததைக் காட்டும் மாரியம்மன் கோயில் வரிக் கணக்கு ஒன்று. மூன்றாவது, இவ்விரண்டையும் சேர்த்து மலையாளத்தில் பிழையற மனு எழுதித் தந்த வாசகசாலைப் பெரியவர். சங்கமும் கோயிலும் வாசகசாலையும் அதுவரை ஒன்றோடொன்று பேசிக்கொண்டதில்லை. தேர்தல் காலத்தில் பகைத்துக்கொண்டதும் உண்டு. ஒரு பையனின் படிப்புக்காக அவை ஒரே மேசையில் அமர்ந்தன. அந்த மாலையில் நான் தக்கர் பாபாவின் பெயரைக்கூட அறியேன். பின்னர் அவர் வரலாற்றைப் படித்தபோது, அவர் பல ஆண்டுகளாக நாடெங்கும் செய்த வேலை இதுதான் என்று உணர்ந்தேன்.

நம் மன்றம் ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் பேச்சுப் போட்டியும் சிறக்க நடத்துகின்றது. அவற்றோடு ஒரு சிறு வேலையையும் ஏற்கலாம். மலையில் உள்ள வாசகசாலைகளோடும், தொழிற்சங்கத்தாரோடும், மகளிர் குழுக்களோடும் சேர்ந்து, விடுமுறை தோறும் லயம் லயமாகச் சென்று, பழைய கணக்கேடுகளையும் பள்ளிப் பதிவேடுகளையும் படியெடுத்துத் தொகுக்கலாம். மனு எழுதக் கற்றுக் கொடுக்கலாம். அந்தக் குழுவில் லயத்துப் பிள்ளைகளும் ஊர்ப் பெரியவர்களும் முதலிடம் பெற வேண்டும். அம்பேத்கர் எழுதிய கடிதத்துக்கு அப்போதேனும் நாம் விடை எழுதியவர்கள் ஆவோம். தக்கர் பாபா கேட்டது இருபது ஆண்டு. நாம் இரண்டு விடுமுறைகளோடு தொடங்குவோம்.